பாலைக் கோட்டையின் வடக்குக் கூரை

ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் தனலெட்சுமியின் வீட்டு வாசலில் வந்து நின்ற பெண்ணின் கையில் குடை இருந்தது. அதை விரிக்கத்தான் மறந்திருந்தாள். காரிலிருந்து வாசல் வரை கொட்டும் மழையில் நனைந்தபடியே வந்தவள், காலணியைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, என் பேரு சாருமதி. காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் கொடுக்குறேன். என் ஸ்டூடன்ட் ஒருத்தி மேல திருட்டுப் பழி விழுந்திருக்கு. மத்தியானத்துக்குள்ள பொருள் கெடைக்கலன்னா போலீஸ் ரிப்போர்ட் போட்டுருவாங்க. அவ எடுத்திருக்கவே மாட்டா. ஆனா அத எப்படி நிரூபிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

"மொதல்ல தலையத் தொவட்டுங்க," என்று தனலெட்சுமி ஒரு துண்டை நீட்டினார். "என்ன பொருள்?"

"ஒரு மண் விளக்குக்கா. ரோமானியச் சிப்பாய் எவனோ பாலைவனத்துல ஏத்தி வெச்ச விளக்கு."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த யுகேந்திரன் கார்ச் சாவியோடு வெளியே வந்துவிட்டான்.

தனலெட்சுமி ஒரு காப்புறுதி நிறுவனத்தில் நஷ்டங்களை விசாரிக்கும் அதிகாரியாகப் பல வருடம் இருந்தவர். எரிந்த கடை, மூழ்கிய கார், காணாமல் போன நகை என்று ஜொகூர் முழுக்க அலைந்தவர். வேலையை விட்ட பிறகும் ஆள் தேடி வருவது நிற்கவில்லை. யுகேந்திரன் அவர் கணவரின் தம்பி. வாரநாளில் பாலம் தாண்டிப் போய் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்ப்பான். சனிக்கிழமையானால் அண்ணிக்குத் துப்பறியும் கூட்டாளி. குற்றவாளியை முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். என்ன, ஒருமுறைகூட அது சரியான ஆளாக இருந்ததில்லை.

உலு திராமுக்குப் போகும் வழியெல்லாம் சாருமதி பேசினாள். அங்கே ஒரு மண்டபத்தில் அன்று மாலை கண்காட்சி திறப்பு. ரோமானியர்கள் தங்கள் பேரரசின் கிழக்கு ஓரத்தில், பாலைவனத்தின் வாசலில் கட்டிய காவல் கோட்டைகளைப் பற்றியது. அவள் ஜோர்டானில் மண்ணைத் தோண்டியே பல கோடைகளைக் கழித்தவள்.

"செங்கடல் பக்கத்துலேர்ந்து யூப்ரடீஸ் நதி வரைக்கும் கோட்டையா போட்டுக்கிட்டே போயிருக்காங்கக்கா. பெருசுன்னு நெனைக்காதீங்க, சிலதெல்லாம் ஒரு ஸ்கூல் திடல் அளவுதான். நாலு மூலையில நாலு கோபுரம், நடுவுல முற்றம், ஒரே ஒரு வாசல். கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கல்லும் மண்ணும். மழைன்னா வருஷத்துல ஏதோ சில நாள். அதை வெச்சுக்கிட்டே ஆளும் குதிரையும் வருஷம் பூரா குடிச்சிருக்காங்க. கல்லு மேல கல்லு வெச்சதக்கூட விடுங்க. அந்தத் தண்ணிய வெச்சுக் காப்பாத்துன மூளை இருக்கே, அதுக்குத்தான் நான் கும்பிடு போடுவேன்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கவலை விலகியிருந்தது. வெளியே சாலையோரக் கால்வாய்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. தண்ணீரைப் பார்த்தாலே எரிச்சல்படுகிற ஊரில் இருந்துகொண்டு தண்ணீருக்கு ஏங்கிய மனிதர்களைப் பற்றிக் கேட்பது தனலெட்சுமிக்கு வேடிக்கையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"பழி விழுந்த பொண்ணு?"

"லோஷினி. செடெனாக் பக்கம் வீடு. அப்பா அம்மா ரெண்டு பேரும் ஃபேக்டரி வேல. அடுத்த மாசம் என்கூட ஜோர்டானுக்கு வரா. அங்க தோண்டுறதுக்கு அவளுக்கு எடம் கெடைச்சிருக்கு. பழம்பொருள் திருடினான்னு ஒரு ரிப்போர்ட் போட்டா போதும், அடுத்த மாசம் மட்டுமில்ல, எந்த மாசமும் அவள எந்தக் குழியிலயும் எறங்க விட மாட்டாங்க."

விளக்கின் சொந்தக்காரர் மெய்யப்பன். செட்டிநாட்டுக் குடும்பம், ஜொகூர் பாருவில் கட்டுமானப் பொருள் வியாபாரம். அவர் ஐயா என்று அழைத்த தாத்தா எந்தக் காலத்திலோ ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய விளக்கைக் கண்காட்சிக்கு இரவல் தந்திருந்தார். நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மதியம் மெய்யப்பன் விளக்கைக் கொண்டு வந்தார். சாருமதி அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அங்கிருந்த கோட்டை மாதிரியைப் பற்றி எல்லோருக்கும் விளக்கம் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். பெட்டிக்குள் மின்விளக்கு பொருத்த வேண்டியிருந்ததால் கதவு திறந்தே இருந்தது. அதன் பிறகு மண்டபத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: மெய்யப்பன், மின்விளக்கு மாட்ட வந்த கமலநாதன், லோஷினி. மூவரும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் தனியாக இருந்திருக்கிறார்கள். மாலையில் லோஷினி பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் சாருமதி வந்து, பெட்டிமேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினால், உள்ளே விளக்கு இல்லை.

"பூட்டும்போது உள்ள பாக்கலியாமா?" என்று யுகேந்திரன் கேட்டான்.

"டீ வாங்கிட்டு வந்தப்பவே துணி போர்த்தியிருந்துச்சாம். மெய்யப்பன் சார் போர்த்தியிருப்பாருன்னு நெனச்சு, துணிக்குக் கீழ கைய விட்டுப் பூட்டிட்டா."

யுகேந்திரன் காரின் கண்ணாடி வழியாக அண்ணியைப் பார்த்து, லோஷினிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினான். ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் தனலெட்சுமியும் யுகேந்திரனும் நின்றுவிட்டார்கள். நடுவே ஒரு பெரிய மேசை நிறைய மணல், அதன்மேல் கோட்டை. சுண்ணாம்புக் கல் நிறத்தில் நான்கு மதில், நான்கு கோபுரம். மதிலை ஒட்டி உள்பக்கமாக வரிசையாக அறைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மதிலின் விளிம்பில் காவலர் எட்டிப் பார்க்க அங்கங்கே இடைவெளி. முற்றத்தின் அடியில் கண்ணாடியில் செய்த தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரு சிவப்புக் கோடு. நிஜமான கோட்டைக்குள் குனிந்து பார்ப்பது போலவே இருந்தது.

"யாரு செஞ்சது?" என்று தனலெட்சுமி கேட்டார்.

"நான்தான் ஆன்ட்டி," என்றாள் சுவரோரம் நின்றிருந்த பெண். அழுது முடித்த முகம். "ரூம்பு, சுவரு, கூரை எல்லாமே நான் செஞ்சது."

"ரொம்ப அழகா இருக்கும்மா," என்றார் தனலெட்சுமி. அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. லோஷினிக்கும் அது புரிந்தது. கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள்.

முதலில் கண்ணாடிப் பெட்டி. பூட்டில் கீறல் இல்லை. உள்ளே விரித்திருந்த வெள்ளைத் துணியில் சிவப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ கிடந்தது. தனலெட்சுமி விரல் நுனியில் ஒற்றிப் பார்த்தார். செங்கல் தூள் மாதிரி நறநறத்தது. பெட்டியின் மேல்தட்டில் சின்ன மின்விளக்கு ஒன்று கொஞ்சம் சாய்ந்து தொங்கியது. இரண்டு திருகாணி போட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

"மத்த பெட்டிங்களையும் பாரு யுகா. லைட்டெல்லாம் எப்படி மாட்டியிருக்கு?"

சுவரோரம் படங்கள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "எல்லாம் ரெண்டு ஸ்க்ரூ அண்ணி. அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்கு. இது மட்டுந்தான் இப்படி."

பிறகு கோட்டை. தனலெட்சுமி மேசையைச் சுற்றி நடந்தார். வடக்குப் பக்கம் வந்ததும் நின்றார். அந்த மதிலுக்கு வெளியே மணலில் ஈரத் திட்டுகள் தெரிந்தன. மதில் இடைவெளிகளுக்கு நேர் கீழே ஒவ்வொன்று. மற்ற மூன்று பக்கத்திலும் மணல் காய்ந்திருந்தது.

யுகேந்திரன் உடனே தலையைத் தூக்கி மண்டபத்துக் கூரையைப் பார்த்தான். "மேல ஒழுகுது அண்ணி."

"யாரு கூரை ஒழுகுது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஏணியைப் பிடித்தபடி கமலநாதன் நின்றிருந்தார். ஐம்பது தாண்டியவர், தோள்கள் வெயிலில் கறுத்தவை. "இந்த மண்டபத்துக்குக் கூரை போட்டது நான் தம்பி. என் தொழிலே கூரைதான், லைட்டெல்லாம் சும்மா ஒதவிக்கு. இவ்ளோ வருஷமா ஜொகூர் மழை அடிக்குது, ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல. நல்லாச் சாய்ச்சுப் போட்டோம்னா தண்ணி எல்லாம் ஓடி வெளிய லொங்காங் கால்வாய்ல விழுந்துடும். கூரைன்னா அதுக்குத்தானே லா?"

அவர் சொன்னது உண்மைதான். மழை மேலே கொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"நல்ல வேலை," என்று தனலெட்சுமி மனதாரச் சொன்னார். "சாருமதி இந்தக் கோட்டையப் பத்தி எல்லாருக்கும் வெளக்கம் சொன்னப்ப நீங்க இருந்தீங்களா?"

"எங்கம்மா? நான் டிரில் போட்டுக்கிட்டு இருந்தேன். காதுல ஒண்ணும் விழல." சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் மறுகோடிக்குப் போனார்.

மெய்யப்பன் அப்போது வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கோபம். "அந்த வெளக்கு எங்க ஐயா கையால வாங்குனது. சாவி வெச்சிருந்தது இந்தப் பொண்ணு. இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

"வெளக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்களா சார்?"

"போன வாரம் எடுத்தேன். இரவல் கொடுத்தா எடுக்கத்தானே வேணும்? அதுக்காக என்னையே சந்தேகப்படுவீங்களா?" என்று எகிறியவர், கோட்டைப் பக்கம் திரும்பியதும் கொஞ்சம் தணிந்தார். "கெட்டிக்காரி, அதச் சொல்லணும். நேத்து இதப் பாத்ததும் அசந்துட்டேன். அப்படியே எங்க ஊர் வீடு." கிழக்குப் பக்கத்துக் கூரைப் பலகையைத் தூக்கி உள்ளே இருந்த அறைகளைக் காட்டினார். பலகையின் ஒரு விளிம்பு தடித்தும் மறு விளிம்பு மெலிந்தும் இருந்தது. திரும்ப வைக்கும்போது ஒரு கணம் பார்த்து, தடித்த விளிம்பு மதில் பக்கம் இருக்கும்படி வைத்தார். "மழ பேஞ்சா நாலு பக்கத்துத் தண்ணியும் நடு முற்றத்துலதான் விழும். அண்டா அண்டாவாப் பிடிச்சு வெப்பாங்களாம், எங்க அப்பத்தா சொல்லுவாங்க."

அவர் நகர்ந்ததும் யுகேந்திரன் அண்ணியின் காதருகே வந்தான். "போன வாரம் இன்சூரன்ஸ், இந்த வாரம் காணோம். இவருதான் அண்ணி. சந்தேகமே இல்ல."

"கார்ல வரும்போது லோஷினின்னியே?"

"அது அப்ப."

தனலெட்சுமி லோஷினியைத் தனியாக அழைத்தார். "இன்னிக்குக் காலையில தண்ணி ஊத்திப் பாத்தியா?"

லோஷினி திகைத்தாள். "ஆமா ஆன்ட்டி, பூவாளியில மழ மாதிரி ஊத்திப் பாத்தேன். செறப்பு விருந்தாளி முன்னால செஞ்சு காட்டணும்ல? டாக்டர் சாருமதி வரதுக்கு முன்ன."

"தொட்டி நெறைஞ்சுதா?"

"இல்ல… செவப்புக் கோட்டுக்கு வரணும், இன்னிக்குக் கொறைஞ்சுதான் இருந்துச்சு. நான்தான் சரியா ஊத்தலன்னு நெனச்சேன். அப்பறம் வெளக்கக் காணோம்னு ஆனதும் அத மறந்தே போயிட்டேன்."

தனலெட்சுமி அவள் தோளில் தட்டினார். "பூவாளியில தண்ணி புடிச்சுட்டு வா. எல்லாரையும் மேசைகிட்ட கூப்பிடு."

எல்லோரும் கோட்டையைச் சுற்றி நின்றார்கள். மெய்யப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். கமலநாதன் ஏணியை விட்டுவிட்டு வந்து, எல்லோருக்கும் பின்னால் நின்றார்.

"திருடுறவன் ஒரு பொருள முழுசா எடுத்துக்கிட்டுப் போவான்," என்று தனலெட்சுமி நிதானமாக ஆரம்பித்தார். "ஆனா பெட்டிக்குள்ள மண்ணு பொடியா விழுந்திருக்கு. அப்படின்னா அங்க திருட்டு நடக்கல. வெளக்கு ஒடைஞ்சிருக்கு."

"ஒடைஞ்சிருச்சா?" என்றார் மெய்யப்பன்.

"பதறாதீங்க சார். ஒடைச்சவங்களுக்குப் பயம். யாரோ வர சத்தம் கேட்டுருக்கு. கையில ஒடைஞ்ச வெளக்கு. பெட்டி மேல துணியப் போர்த்தியாச்சு, வெளக்க எங்க வெக்கிறது? கைக்கு எட்டுற தூரத்துல ஒரு கோட்டை, தூக்குனா வர கூரை. உள்ள வெச்சு மூடியாச்சு. பெறகு ஒட்ட வெச்சுரலாம்னு எண்ணம். லோஷினி, மழ பெய்யட்டும்."

லோஷினி பூவாளியைச் சாய்த்தாள். கிழக்கில் விழுந்த தண்ணீர் முற்றத்துக்கு ஓடியது. தெற்கிலும் மேற்கிலும் அப்படியே. வடக்குக் கூரையில் விழுந்தது மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, மதில் இடைவெளிகள் வழியாக வெளியே மணலில் கொட்டியது. லோஷினியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"பலகை திரும்பியிருக்கு," என்றாள் மெதுவாக.

"ஆமாம்மா. பெயின்ட் ஒரே மாதிரி, சாய்வும் லேசு, பாத்தா தெரியாது. தண்ணிக்குத்தான் தெரியும். இதத் திருப்பி வெச்சது யாரு? நீ செஞ்ச கூரை, ஒன் கை கண்ண மூடிக்கிட்டே சரியா வெச்சுரும். மெய்யப்பன் சார் கொஞ்ச முன்ன என் எதிர்லயே ஒரு பலகையத் தூக்கி, சரியாத்தான் வெச்சாரு. முற்றம் வெச்ச வீட்டு ரத்தம், தண்ணிய உள்ளதான் கூப்பிடும்." தனலெட்சுமி கொஞ்சம் நிறுத்தினார். "இந்த வடக்குக் கூரைய வெச்ச கைக்கு மழை நல்லாத் தெரியும். பாலைவனம் தெரியாது. அவசரத்துலயும் அது தண்ணிய வெளிய தள்ளுற மாதிரிதான் வெச்சிருக்கு. அது தப்பான கையில்ல. இந்த ஊருக்கு அதவிட நல்ல கை கெடையாது. எல்லாப் பெட்டியிலயும் ரெண்டு ஸ்க்ரூ போட்ட கை, ஒரு பெட்டியில மட்டும் ஒண்ணோட நின்னுருச்சு."

யாரும் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே கமலநாதன் முன்னால் வந்துவிட்டார். வடக்குக் கூரையைத் தூக்கி, அறைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டைப் பொதியை எடுத்து மேசைமேல் வைத்தார். விரித்தபோது விளக்கு இரண்டாகக் கிடந்தது. மேல்பாதி தனி, அடிப்பாதி தனி.

"ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்துருச்சு," என்றார். "பாப்பா டீ வாங்கிட்டு வர சத்தம் கேட்டுச்சு. இன்னிக்குக் காலையில பசை கொண்டு வந்து ஒட்டிரலாம்னு நெனச்சேன். நான் வரதுக்குள்ள ஊரே கூடிருச்சு. மெய்யப்பன் சார் கொடுக்குற வேலையிலதான் என் குடும்பம் நடக்குது. வாயே வரல." லோஷினியின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "நீ அழுதத நான் அந்த ஏணி மேல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன் பாப்பா. அப்பவும் வரல. அதுக்கு என்ன மன்னிப்புக் கேக்குறதுன்னே எனக்குத் தெரியல."

லோஷினி பூவாளியை மேசைமேல் வைத்தாள்.

மெய்யப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் சாருமதி விளக்கின் மேல்பாதியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்து, "சார், இங்க வாங்க," என்றாள். குரல் மாறியிருந்தது.

"இத அச்சுல ரெண்டு பாதியா செஞ்சு ஒட்டுவாங்க. ஒட்டுன எடத்துலயே விட்டிருக்கு. உள்பக்கம் பாருங்க."

பச்சை மண்ணை அச்சுக்குள் அழுத்திய ஒரு கட்டைவிரலின் தடம் அங்கே பதிந்திருந்தது. ரேகைகள்கூட, நேற்று வைத்தது போல, சுழி சுழியாகத் தெரிந்தன. விளக்கு முழுசாக இருந்த ஆயிரத்து எழுநூறு வருடத்தில் அதை ஒருவரும் பார்த்திருக்க முடியாது.

மெய்யப்பன் வெகுநேரம் குனிந்து பார்த்தார். தன் கட்டைவிரலை அந்தத் தடத்துக்கு மேலே, தொடாமல், கொண்டுபோய் நிறுத்தினார். "எங்க ஐயாகூட இதப் பாத்ததில்ல," என்றார். நிமிர்ந்தபோது கோபம் போயிருந்தது. லோஷினியின் முன் வந்து நின்றார். "வயசுக்கு மூத்தவன், யோசிக்காமப் பேசிட்டேன். ஒன் முன்னால நிக்கவே கூச்சமா இருக்கும்மா. சொல்லு, இத ஒட்டிரலாமா?"

லோஷினி தலையசைத்து மறுத்தாள். "வேணாம் சார். தெறந்தே வெப்போம். எல்லாரும் அந்த வெரலப் பாக்கட்டும்." பிறகு கொஞ்சம் தயங்கி, மறுபக்கம் திரும்பினாள். "அங்கிள், அந்தப் பெட்டிக்கு இன்னொரு ஸ்க்ரூ போடணும். அதுக்கு முன்ன இந்தக் கூரைய நீங்களே திருப்பி வெச்சிருங்க."

"அண்ணி," என்று யுகேந்திரன் கிசுகிசுத்தான், "கடைசியில கைரேகையே கெடைச்சிருச்சு. ஆளுதான் கெடைக்க மாட்டான்."

"விடு யுகா. அவன் ஒரு தப்பும் செய்யல," என்றார் தனலெட்சுமி.

கமலநாதன் பலகையைத் திருப்பி, தடித்த விளிம்பை மதிலோடு சேர்த்து வைத்து, விரலால் சாய்வைத் தடவிப் பார்த்தார். அந்த மதிலுக்கு வெளியே நனைந்திருந்த இடத்தில் காய்ந்த மணலை அள்ளிப் பரப்பினார். லோஷினி பூவாளியைச் சாய்த்தாள். நான்கு கூரையின் தண்ணீரும் முற்றத்தில் கூடி, தொட்டிக்குள் இறங்கி, சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது. மண்டபத்துக்கு மேலே ஜொகூர் மழை இரைந்துகொண்டிருந்தது. கமலநாதன் மேசையோரம் முழங்காலிட்டு, மதிலுக்கு வெளியே காய்ந்த மணலில் கையை வைத்துப் பார்த்தார்.

"ஒரு சொட்டு வெளிய போகல பாப்பா," என்றார்.